குளிர்காலத்தில் வெளியில் வாழும் குதிரைக்குப் போர்வை அவசியமா?

பிராணிகளை வளர்ப்போர் செய்யும் பிழைகள் இருவகைப்படும். ஒன்று அசிரத்தையால் நேர்வது. மற்றொன்று அன்பினால் நேர்வது. முதல் வகைப் பிழையை ஊரார் கண்டிப்பர், சட்டமும் தண்டிக்கும். இரண்டாம் வகைப் பிழையைக் கண்டிப்பார் எவருமிலர். அதைச் செய்பவரை நல்லவரென்று புகழ்வாரே பலர். ஆதலால் அது வருஷந்தோறும் பெருகி, நாளடைவில் வழக்கமாய் நிலைத்துவிடுகிறது. இங்கிலாந்து முதலிய குளிர் தேசங்களில், வெட்டவெளியிலே மேய்ந்து வாழும் குதிரைகளுக்கு இலையுதிர் காலந்தொடங்கி வசந்தகாலம் வரையில் கனத்த போர்வையைக் கட்டிவைக்கும் வழக்கம் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்ததே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குதிரை வைத்திருப்போருக்கும் மார்கழி, தை மாதங்களில் இதே கேள்வி எழுகின்றது. ஆதலால் அவ்வழக்கத்தின் குணதோஷங்களை இந்நாட்டாரும் ஆராய்ந்தறிதல் நன்று.

இங்கிலாந்தில் நவம்பர் மாதத்து மாலைப்பொழுதில் நிகழ்வது இது. குதிரைக்குச் சொந்தக்காரர் கம்பளிச் சட்டையும் அதன்மேல் தடித்த அங்கியும் அணிந்து மேய்ச்சல் நிலத்திற்கு வருகிறார். காற்று சில்லென்று வீசுகிறது. அவர் விரல்கள் விறைக்கின்றன. எதிரே குதிரை ஒன்றும் அணியாமல் நிற்கிறது. ‘எனக்கே இவ்வளவு குளிருமானால் இந்த வாயில்லாப் பிராணிக்கு எவ்வளவு குளிரும்!’ என்று மனமிரங்கி, கையோடு கொணர்ந்த போர்வையை அதன் முதுகிலிட்டு வார்களைப் பூட்டிவிட்டுத் திருப்தியுடன் வீடு திரும்புகிறார். இதில் அவருடைய இரக்கம் மெய்யானதே. ஆனால் அவர் பார்த்த அளவுகோல் அவருடைய தோலேயன்றிக் குதிரையின் தோலன்று. பிழையின் மூலம் இதுவே.

மனிதனுடைய தேகமும் குதிரையின் தேகமும் குளிரைத் தாங்குவதில் பெரிதும் வேறுபட்டவை. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு குளிரெல்லை உண்டு. காற்றின் உஷ்ணம் அவ்வெல்லைக்கு மேலிருக்குங்காறும், தேகம் தன் உஷ்ணத்தைக் காத்துக்கொள்வதற்கென்று தனியே எரிபொருளைச் செலவிட வேண்டுவதில்லை. எல்லைக்குக் கீழே இறங்கினால் மட்டுமே அச்செலவு தொடங்கும். ஆடையற்ற மனிதனுக்கு இவ்வெல்லை சென்டிகிரேடு அளவையில் ஏறக்குறைய 27, 28 டிகிரியாகும். மிதமான சீதோஷ்ணத்தில் வாழும் குதிரைக்கோ அது சுமார் 5 டிகிரி. குளிர் தேசத்தில் பழகி, குளிர்கால ரோமம் நிறைய வளர்ந்து, வயிறார உண்ட குதிரைக்குப் பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரி வரையிலும் இவ்வெல்லை இறங்குமென்று கனடா தேசத்தில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தின் சமவெளியில் குளிர்கால இரவுகளிற் பெரும்பாலானவை பூஜ்யத்தையும் அதற்குச் சில டிகிரி மேலுள்ள அளவையும் ஒட்டியே நிற்பவை. ஆகவே சொந்தக்காரர் நடுங்கும் அவ்விரவு, நனையாத, நன்கு உண்ட, ரோமம் வளர்ந்த குதிரைக்குச் சுகமான இரவாகவே இருக்கும்.

இவ்வாற்றல் குதிரைக்கு இரண்டு விதமாய் வாய்த்துள்ளது. ஒன்று அதன் மேலிருக்கும் ரோமம். மற்றொன்று அதன் வயிற்றினுள் எரியும் அடுப்பு.

ரோமத்தைப் பற்றிப் பலரும் அறியாத விஷயம் யாதெனில், அது குளிரைக் கண்டு வளர்வதன்று. முக்கியமாய்ப் பகற்பொழுதின் நீளத்தைக் கண்டு வளர்வது. ஜூன் மாதம் 21-ஆந் தேதியை ஒட்டிப் பகல் குறையத் தொடங்கியதும், குளிர் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, குதிரையின் தேகம் அடுத்த பருவத்திற்கு ஆயத்தமாகிறது. டிசம்பர் மாதக் கடையில் பகல் மீண்டும் நீளத் தொடங்கியதும், குளிர் இன்னும் தீராதிருக்கையிலேயே, பழைய ரோமத்தை உதிர்க்கும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. இவ்வாறு வளர்ந்த ரோமம் வெறுங் கூரையன்று. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிர் அதிகரித்தால் அத்தசை சுருங்கி மயிரை நிமிர்த்தும். மயிர்களுக்கிடையே காற்று தங்கி நிற்கும். அசையாத காற்றைப்போல் உஷ்ணத்தைக் காக்கும் போர்வை வேறில்லை. வெயில் வந்தால் மயிர் படிந்து உஷ்ணம் வெளியேற வழிவிடும். அன்றியும் தோலில் ஊறும் ஒருவகைக் கொழுப்பு மயிரின்மேற் படர்ந்து மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. இவ்வண்ணம் நாழிகைக்கு நாழிகை கனமும் மெல்லிதுமாக மாறிக்கொள்ளும் போர்வையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இனி வயிற்றின் அடுப்பு. குதிரையின் இரைப்பை அதன் உடலளவிற்குச் சிறியது. ஆனால் அதன் பின்குடலும் பெருங்குடலும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளத்தக்கவை. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அச்செயலினால் உண்டாகும் உஷ்ணம் உள்ளிருந்து தேகத்தைக் காய்ச்சுகிறது. இதனால்தான் குளிர்காலத்தில் தானியத் தீனியை ஒரு படி கூட்டுவதைவிட உலர்ந்த புல்லை ஒரு கட்டுக் கூட்டுவது மேலானது. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்தீனி உண்ணும். குளிரெல்லைக்குக் கீழே காற்று ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் அதன் தேவை சுமார் நூற்றுக்கு இரண்டரை வீதம் உயரும். ஆகவே ரோமம் மெல்லிய ஒரு குதிரைக்கு எல்லை 5 டிகிரியென்றும், காற்று பூஜ்யத்திற்குக் கீழே 5 டிகிரியென்றும் வைத்துக்கொண்டால், பத்து டிகிரிக்கும் நூற்றுக்கு 25 வீதம், அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ புல் அதிகம் வேண்டும். ரோமம் நிறைந்த குதிரைக்கு அதே இரவில் அவ்வதிகமும் வேண்டுவதில்லை. போர்வையைத் தேடுமுன் புல்லைத் தேடுக என்பதற்கு இக்கணக்கே சான்று.

இவை ஏட்டுப் பேச்சென்று எண்ணுவோர் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட், டெவன் ஆகிய பிரதேசங்களில் பரந்து கிடக்கும் அம்மேட்டு நிலத்தில் அவை வருஷமுழுவதும் வெளியிலேயே வாழ்கின்றன. குளிர்காலத்தில் அவற்றுக்கு இரண்டடுக்கு ரோமம் வளரும். உள்ளடுக்கு பஞ்சுபோல் அடர்ந்து உஷ்ணத்தைக் காக்கும். வெளியடுக்கு நீண்டு, கொழுப்பேறி, நீரை வழித்துவிடும். வாலின் அடியில் விசிறிபோற் பரந்த குட்டை மயிர் உண்டு. மழையும் பனியும் தொடையிடுக்கில் இறங்காமல் அது காக்கும். பனி பெய்யும் நாளில் அவற்றின் முதுகின்மேல் வெண்பனி உருகாமல் அப்படியே படிந்திருக்கும். அதைக் கண்டு இரங்குவோர் உண்டு. உண்மையில் அது நல்ல அறிகுறியாகும். உள்ளுஷ்ணம் வெளியே கசியுமானால் பனி உருகியிருக்கும். உருகாமையால் உஷ்ணம் உள்ளேயே நிற்கிறதென்று தெளியலாம். இன்னும் வடக்கே, சைபீரியாவின் யாக்குத்தியா பிரதேசத்தில், குளிர்காலத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரிக்கும் அப்பால் இறங்கும் கடுங்குளிரில் குதிரைகள் கூரையின்றி வாழ்ந்து, குளம்பினால் பனியைக் கிளறிப் புல்லை மேய்கின்றன. 13-ஆம் நூற்றாண்டிற்கும் 15-ஆம் நூற்றாண்டிற்கும் இடையில் மனிதரோடு அங்கு வந்து சேர்ந்த குதிரைகளின் சந்ததியே அவை என்று 2015-ஆம் வருஷத்தில் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது.

அங்ஙனமாயின் குளிர்காலத்தில் குதிரைக்குத் துன்பமே இல்லையோவெனில், உண்டு. அத்துன்பத்தைத் தருபவை குளிரைக் காட்டிலும் மழையும் காற்றுமேயாம். மழை தோல்வரை ஊறினால் மயிர்கள் ஒட்டிப் படிந்து, இடையிலிருந்த காற்று நீங்கிவிடும். பலத்த காற்று வீசினால் மயிரைப் பிரித்து உஷ்ணத்தை வாரிக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்து வந்தால், பூஜ்யத்திற்கு மேல் ஏழெட்டு டிகிரி இருக்கும் இரவும் கொடிய இரவாகும். காற்றின்றி வறண்ட குளிரில் குதிரைகள் கொட்டகை இருந்தும் வெளியே நிற்பதையும், மழைக்காற்றில் வாலைக் காற்றிற்குக் காட்டித் தலை தாழ்த்தி ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதையும் குதிரைக்காரர் யாவரும் கண்டிருப்பர். ஆதலின் மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகையோ, அதுவுமில்லையேல் காற்றைத் தடுக்கும் அடர்ந்த வேலியோ, போர்வையினும் பெரிய உதவியாகும். அதனுள் எப்போது புகுவது, எப்போது வெளியேறுவதென்று குதிரையே தீர்மானித்துக்கொள்ளும். போர்வையைத் தானே கழற்றிக்கொள்ள அதற்குச் சாத்தியமில்லை.

இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியதென்று நோக்கினால், அதன் ஆதியில் நியாயம் இருந்தது தெரியவரும். குளிர்காலத்தில் வேட்டைக்கும் கடின உழைப்பிற்கும் உட்படும் குதிரை நீண்ட ரோமத்தோடு ஓடினால் வியர்த்து நனையும். நனைந்த ரோமம் இரவெல்லாம் உலராது. ஆகவே அத்தகைய குதிரைகளின் ரோமத்தைக் கத்தரித்துவிடுவர். இயற்கைப் போர்வையை எடுத்தவர் செயற்கைப் போர்வையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். லாயத்தில் நிற்பவற்றிற்குச் சணல் துணியால் தைத்துக் கம்பளி உள்ளணி வைத்த போர்வையை இட்டனர். பிரிட்டிஷ் ஆலைகள் நெய்த சணலிற் பெரும்பகுதி வங்காளத்திலிருந்தே சென்றது. வெளியில் நிற்பவற்றிற்குத் தடித்த கித்தான் துணியாலான நியூஜிலாந்துப் போர்வை வழங்கிற்று. பின்னர் நைலான் முதலிய செயற்கை நூல்கள் வந்தன. நனையாத, இலேசான, பஞ்சடைத்த போர்வைகள் பல கனங்களிற் கடைக்கு வந்தன. சதுர மீட்டருக்கு 100 கிராம், 200 கிராம், 300 கிராம் பஞ்சு என்று விதவிதமாய் விற்கப்படுகின்றன. போர்வை எளிதானவுடன், ரோமம் கத்தரித்த உழைப்பாளிக் குதிரைக்கென்று தோன்றிய ஏற்பாடு, ரோமம் கத்தரிக்காமல் சும்மா நிற்கும் குதிரைக்கும் பரவிற்று. காரணம் போய்ப் பழக்கம் மட்டும் நின்றது.

தேவையற்ற போர்வையால் விளையும் தீமைகளில் முதலாவது, ரோமத்தின் வேலை கெடுவது. போர்வையின் பாரம் மயிரை நிமிரவொட்டாமல் அழுத்திவிடும். மெல்லிய போர்வையை இட்டால், இல்லாததைக் காட்டிலும் சில சமயம் அதிகக் குளிர் உண்டாவதற்கு இதுவே காரணம். போர்வை மூடாத கழுத்தும் வயிறும் கால்களும் வேறு நிலையிலிருக்க, மூடிய இடம் வேறு நிலையிலிருக்கும். குதிரையால் தேகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் மயிரை நிமிர்த்தவோ தாழ்த்தவோ முடியாது.

இரண்டாவது, உஷ்ணம் மிகுதல். காலை பூஜ்யத்திலிருந்த காற்று நண்பகலில் வெயிலோடு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு உயரும். சொந்தக்காரர் அலுவலில் இருப்பார். குதிரை 300 கிராம் போர்வைக்குள் வெந்துகொண்டிருக்கும். வியர்த்த தோல் மாலையில் குளிர்ந்து, இரவில் நடுக்கம் காணும். குளிர் தாக்காமலிருக்க இட்ட போர்வையே குளிரை வருவித்ததாய் முடியும்.

மூன்றாவது, தோலுக்குண்டாகும் சேதம். தோளிலும், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலும் போர்வை இரவும் பகலும் உராய்ந்து மயிரை உதிர்த்துப் புண்ணாக்கும். ஈரமும் வெப்பமும் அடைபட்ட இடத்தில் டெர்மடோபிலஸ் என்னும் கிருமி பெருகி, பொருக்கு வைத்து மயிர் கற்றை கற்றையாய்க் கழலும் மழைப்புண் நோயை உண்டாக்கும். நீர் புகுந்த போர்வையோ போர்வையே இல்லாமையினும் கேடானது. ஈரத்துணியைச் சுற்றி நிறுத்தியதற்கு அது சமானம்.

நான்காவதே மிகக் கொடிது. போர்வை குதிரையை மறைத்துவிடுகிறது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது துணியே, தேகமன்று. நவம்பரில் கட்டிய போர்வையை மார்ச்சில் கழற்றும்போது, உள்ளே விலாவெலும்புகள் வரிவரியாய்த் தெரிய, இடுப்பெலும்பு துருத்தி நிற்க, கொழுத்திருந்த குதிரை எலும்புக்கூடாய் வெளிப்படுவதுண்டு. பல் தேய்ந்த கிழக்குதிரை புல்லை மெல்ல மாட்டாமல் வாரந்தோறும் இளைத்துவந்ததைப் போர்வை எவருக்கும் காட்டாமல் மூடிவைத்தது. போர்வை இல்லாதிருந்தால் அவ்விளைப்பை டிசம்பரிலேயே வழிப்போக்கனும் கண்டிருப்பான். அக்குதிரை செத்தால், குளிரால் செத்ததென்று சொல்லப்படும்; உண்மையில் கவனிப்பாரற்றுச் செத்தது அது.

ஐந்தாவது இதற்கு நேர்மாறானது. ஆயினும் அதுவும் போர்வையின் பிழையே. புல் குறைந்த குளிர்காலத்தில் சற்று இளைத்து, வசந்தகாலத்துப் புதுப்புல்லில் மீண்டும் தேறுவது குதிரையினத்தின் இயல்பு. கோடையில் சேர்த்த கொழுப்பு குளிரில் எரிந்து செலவாகும். கனத்த போர்வையும் நிறைந்த தீனியும் சேர்ந்தால் அச்செலவு நின்றுவிடும். கொழுப்புக் குறையாத குதிரை, சர்க்கரை மிகுந்த வசந்தகாலப் புல்லின்மேல் அவிழ்த்துவிடப்படும். அப்போது குளம்பினுள் அழற்சி கண்டு, நிற்கவும் நடக்கவும் மாட்டாமல் துடிக்கும் லாமினிடிஸ் நோய்க்கு அது எளிதில் இலக்காகும். சிறிதுண்டு கொழுக்கும் இயல்புள்ள மட்டக்குதிரைகளுக்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். இளைக்க வேண்டிய காலத்தில் இளைக்கவிடுவதும் பராமரிப்பில் ஒரு பகுதியே.

எதிர்த்தரப்பார் கூறும் நியாயமும் தள்ளத்தக்கதன்று. ‘குதிரையின் விருப்பத்தை அதனிடமே கேட்க இயலுமானால், போர்வை வேண்டுமென்றே சொல்லும்’ என்பர் அவர். கேட்கவும் பட்டது. நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 23 குதிரைகளைப் பழக்கி, போர்வை இடு, போர்வை எடு, இருந்தபடியே விடு என்னும் மூன்று பொருள் குறித்த பலகைகளுள் ஒன்றை மூக்கால் தொட்டுக் காட்டும்படி கற்பித்தனர். இரண்டு வாரத்திற்குள் அவை யாவும் கற்றுக்கொண்டன. 2016-ஆம் வருஷத்தில் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. மழையும் காற்றும் குளிரும் கூடிய நாட்களில் குதிரைகள் போர்வையைக் கேட்டன. வெயில் காய்ந்த நாட்களில் போர்வையை எடுக்கச் சொல்லின. இதனால் தெளிவாவது, போர்வை சில வேளைகளில் குதிரைக்கு இதமே என்பதும், அவ்விதம் நாளுக்கு நாள் மாறுவது என்பதுமாம். நார்வேக் குதிரைகள் அக்டோபரில் இட்டு ஏப்ரலில் எடுக்கும்படி கேட்கவில்லை. அன்றைய வானத்தைப் பார்த்துக் கேட்டன. போர்வையை ஆதரிப்போரும் மறுப்போரும் கைக்கொள்ள வேண்டிய நீதி அதுவே.

ஆதலால் போர்வை எவற்றிற்கு உரியதென்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். ரோமம் கத்தரிக்கப்பட்ட குதிரைக்கு அது கட்டாயம். நோயுற்று இளைத்ததற்கும், முதுமையால் பல்லும் தசையும் குறைந்ததற்கும், உஷ்ணப் பிரதேசத்திலிருந்து குளிர்காலத்தின் நடுவில் கொணரப்பட்டு ரோமம் வளர அவகாசம் பெறாததற்கும் அது தேவை. மெல்லிய தோலும் குட்டை மயிருமுள்ள பந்தயச் சாதிக் குதிரைகள் ஒதுங்க இடமின்றி மழையில் நிற்க நேர்ந்தால் அவற்றிற்கும் தேவை. மற்றபடி தேகம் தேறிய, ரோமம் நிறைந்த, ஒதுங்க இடமும் மெல்லப் புல்லும் உள்ள குதிரைக்குப் போர்வை வேண்டுவதில்லை.

போர்வை இட்டே தீரவேண்டுமெனில் சில கடமைகள் உண்டு. நாள்தோறும் ஒருமுறையேனும் முழுவதும் கழற்றி, விலாவையும் முதுகையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரோமம் அடர்ந்திருக்கையில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. கதகதப்பை அறியப் போர்வைக்குள் தோளின் பின்புறத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமோ புழுக்கமோ இருந்தால் போர்வை மிகையென்று கொள்க. காது குளிர்ந்திருப்பதை மட்டும் கொண்டு குதிரை குளிரில் வாடுகிறதென்று முடிவு செய்தல் கூடாது. அடிவயிற்று வார் இறுகாமலும் தொங்காமலும் இருக்க வேண்டும். தொங்கினால் குதிரை படுத்தெழும்போது கால் சிக்கிக்கொள்ளும். மாற்றுப் போர்வை ஒன்று உலர்ந்ததாய்க் கைவசம் இருத்தல் அவசியம். நனைந்த குதிரையின்மேல் நீர்புகாப் போர்வையை நேரே இட்டு ஈரத்தை உள்ளே அடைக்கலாகாது. முன்காலத்துக் குதிரைக்காரர் வைக்கோலைப் பிரியாய் முறுக்கி உடம்பைத் தேய்த்து, முதுகின்மேல் வைக்கோலைப் பரப்பி அதன்மேற் சாக்கையிட்டு, ஈரம் மேலேறி உலர்ந்தபின் எடுத்துவிடுவர். அம்முறை இன்றும் செல்லத்தக்கதே.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல போர்வை மலிவானதன்று. கிழிந்தால் தைக்கவும், நனைந்தால் உலர்த்தவும், வருஷந்தோறும் நீர்புகா மருந்திட்டுத் துவைக்கவும் வேண்டும். கன வேறுபாடு பார்த்து மூன்று நான்கு போர்வை வைத்திருப்போரும் உண்டு. அத்தொகையைக் கொண்டு ஒரு கொட்டகைக்குக் கூரையிடவோ, வேலியோரத்தில் அடர்ந்த மரம் வைக்கவோ, புல் மலிந்த காலத்தில் குளிர்காலத்திற்கென்று புல் வாங்கிச் சேர்க்கவோ செய்தால், அது எல்லாக் குதிரைகளுக்கும் எல்லா வருஷமும் உதவும். உறையாத தண்ணீர் கிடைக்கச் செய்வதும் இவற்றோடு ஒத்த தர்மமாம். தண்ணீர் குடியாத குதிரைக்கு உலர்ந்த புல் குடலில் அடைபட்டு வயிற்றுவலி உண்டாகும்.

இனித் தமிழ்நாட்டு மலைகளை நோக்கினால், மேற்கூறிய நீதி மாறுவதில்லை. கணக்கு மட்டும் மாறும். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிந்து, விடியற்காலையில் பூஜ்யத்தை யொட்டி இறங்கும். நண்பகலிலோ வெயில் நன்றாய்க் காயும். ஒரே நாளில் இவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள இடத்தில், இரவிற்கு ஏற்ற போர்வை பகலிற்கு விலங்காகும். விடிந்து வெயிலேறியதும் அதை எடுக்க ஆளில்லையேல், இரவிலும் இடாதிருப்பதே மேல். மற்றொரு பேதமும் உண்டு. லண்டனில் பகற்பொழுது ஜூன் மாதத்தில் பதினாறரை மணி நேரத்திற்கு மேலும், டிசம்பரில் எட்டு மணி நேரத்திற்கும் குறைவாகவும் இருக்கும். உதகையில் அவ்வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே. பகலின் குறைவைக் கண்டே ரோமம் வளருமாதலால், இங்குள்ள குதிரைக்கு எக்ஸ்மூர்க் குதிரையைப்போல் அடர்ந்த ரோமம் வளருமென்று எதிர்பார்த்தல் தகாது. ஆகவே இளைத்த குதிரைக்கும், சமவெளியிலிருந்து புதிதாய் மலையேற்றப்பட்ட குதிரைக்கும் இங்கே ஒதுக்கிடமும் இரவுப் புல்லும் இன்னும் அவசியமாகின்றன. அன்றியும் நீலகிரியின் மேற்குப் பகுதியில் உறைபனியைவிட ஜூன் முதல் ஆகஸ்டு வரையில் அடிக்கும் தென்மேற்குப் பருவமழையும் காற்றுமே குதிரைக்குக் கடியவை. அக்காலம் கோடையை அடுத்து வருவதால் ரோமமும் குறைவாயிருக்கும். குளிரென்றவுடன் மார்கழியை மட்டும் நினைப்பவர் ஆடியை மறந்துவிடுகின்றனர்.

சவாரிக்கு விடப்படும் குதிரைகள் பகலெல்லாம் உழைத்து வியர்த்தபின், அந்தியில் சேணத்தை இறக்கி அப்படியே தெருவில் விடப்படுவதுண்டு. அத்தகைய குதிரைக்குப் போர்வை தேடுவதற்கு முன்னர், வியர்வை உலரத் தேய்த்துவிடுவதும், மழைக்கு ஒதுங்கக் கூரை காட்டுவதும், குப்பையை மேயாமல் புல் கொடுப்பதும் செய்யத்தக்கவை. இவை தருமம் மாத்திரமல்ல, சட்டமுமாம். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணிக்குப் போதிய உணவும் நீரும் ஒதுக்கிடமும் அளிக்கத் தவறுவதைக் குற்றமாக வைத்துள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் வருஷத்துச் சட்டம் பிராணியின் தேவைகளை நிறைவேற்றும் கடமையைச் சொந்தக்காரர்மேல் சுமத்துகிறது. இவ்விரு சட்டங்களும் போர்வையைக் கட்டாயமாக்கவில்லை, தேவையையே கட்டாயமாக்கின. கிராம அதிகாரிகளும் குளிர்காலத்தில் ஒரு குதிரையைப் பார்க்கும்போது, போர்வை இருக்கிறதா என்று பாராமல், விலா தெரிகிறதா, புல் கிடக்கிறதா, ஒதுங்க இடமுண்டா, உடல் நடுங்குகிறதா என்னும் நான்கையும் பார்ப்பாராயின் உண்மை நிலை விளங்கும். போர்வை கட்டிய குதிரையாயின், அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுதல் நலம்.

குளிரும் இரவில் பிராணியை நினைத்து மனமிரங்குவோர் பெருகுக. ஆயின் அவ்விரக்கம் போர்வைக் கடையை நோக்கிச் செல்லுமுன் குதிரையை நோக்கிச் செல்லட்டும். கையை அதன் விலாவில் வைத்துப் பார்ப்பவர், அதற்கு வேண்டியது துணியா, புல்லா, கூரையா, வைத்தியரா என்பதை அன்றே அறிவார். பாராமல் போர்த்திவிட்டுப் போகிறவர், தம் மனத்தின் குளிரை மட்டும் போக்கிக்கொண்டவராவர்.